நரி மட்டும் ஏன் கெட்டவன்? மகள் கேட்டாள், பதில் தெரியவில்லை

கிள்ளான்வாசி

வணக்கம் எல்லாருக்கும். விஷயம் சின்னதுதான், ஆனால் மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது.

என் மகள் ஒன்றாம் ஆண்டு படிக்கிறாள், ஏழு வயது. ராத்திரி கதை இல்லாமல் தூங்க மாட்டாள். போன வாரம் பாட்டி வடை சுட்ட கதை சொன்னேன். நரி பொல்லாதது, புகழ்ந்து பேசிக் காக்காவை ஏமாற்றிவிட்டது, யார் புகழ்ந்தாலும் மயங்காதே என்று முடித்தேன், நம் வீடுகளில் முடிப்பது போலத்தான். அடுத்த நாள் பள்ளியில் மலாய் ஆசிரியை சாங் கஞ்சில் கதை சொல்லியிருக்கிறார். இங்கே மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. மற்றவர்களுக்காக: கஞ்சில் என்றால் சருகுமான். முயல் அளவு உடம்பு, பென்சில் மாதிரி கால்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழம் பழுத்துத் தொங்குகிறது, நடுவில் முதலைகள். கஞ்சில் கரையில் நின்று, "நபி சுலைமான் உங்களுக்கெல்லாம் விருந்து வைக்கப் போகிறார், எத்தனை பேர் என்று எண்ணி வரச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள்" என்கிறது. முதலைகள் இக்கரையிலிருந்து அக்கரைவரை வரிசை கட்டுகின்றன. கஞ்சில் ஒவ்வொரு முதுகாகக் குதித்து, "சத்து, துவா, தீகா லெகுக், ஜந்தான் பெத்தினா ஆகு கெதுக்" என்று எண்ணிக்கொண்டே தாண்டி, பழத்தைத் தின்று, முதலைகளைப் பார்த்துச் சிரிக்கிறது. அவ்வளவுதான் கதை. வகுப்பே கைதட்டியதாம்.

வீட்டுக்கு வந்து கேட்கிறாள்: "அப்பா, நரியும் பொய் சொல்லுது, கஞ்சிலும் பொய் சொல்லுது. நரி மட்டும் ஏன் கெட்டவன்?"

முதலை கடிக்கும், காக்கா கடிக்காது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. உங்களில் யாராவது?

சும்மாசொன்னேன்

நரிக்கு நான் வக்கீலாக வருகிறேன். பாட்டியிடம் வடையைத் திருடியது யார்? காக்கா. நரி திருடவில்லை, ஒரு பாட்டுப் பாடச் சொன்னது. அதுகூடத் தவறா? முதல் விசாரணையிலேயே விடுதலை. பாட்டி கடைசிவரை நஷ்டத்தில்தான் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது வேறு.

இப்போது வரும் வடிவத்தில் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது, நரி வாயைப் பிளந்து நிற்கிறது. எத்தனுக்கு எத்தன். அதைச் சொல்லியிருந்தால் உங்கள் மகள் காக்காவைப் பற்றிக் கேட்டிருப்பாள், பிரச்சினை அதே பிரச்சினை.

ஏட்டுச்சுரைக்காய்

வடை மட்டும்தான் நம்முடையது. ஈசாப் கதையில் அது பாலாடைக்கட்டி, முதல் நூற்றாண்டிலேயே லத்தீனில் பாட்டாக எழுதிவிட்டார்கள். புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகத்தில் இதே ஆட்கள் வருகிறார்கள், ஜம்புகாதக ஜாதகம் என்று பெயர்: காக்கா நாவல் மரத்தில் பழம் தின்கிறது, நரி கீழே வந்து குரலைப் புகழ்கிறது, காக்காவும் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து கிளையை உலுக்கிப் பழம் போடுகிறது. இரண்டும் மாறி மாறிப் புகழ்ந்துகொள்வதைப் பார்த்துச் சகிக்க முடியாமல் மரத்திலிருக்கும் தேவதை இரண்டையும் விரட்டிவிடுகிறது. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் பொய்யர்கள், அவ்வளவே. எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும், இலக்கியக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

இன்னொன்று. நாம் "நரி" என்று ஒரே சொல்லில் இரண்டு பிராணிகளைப் போட்டுக் குழப்பிவிட்டோம். ஈசாப்பின் நரி வேறு, பஞ்சதந்திரத்தின் நரி வேறு. "சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்" என்று சொன்னது ஐரோப்பாவின் செந்நரி. சிங்கத்துக்கு மந்திரியாக இருந்த கரடகனும் தமனகனும் நம் ஊர் நரி, கூட்டமாக ஊளையிடுமே அது. வலசை இதைப் பற்றிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வலசை

கூப்பிட்டதற்கு நன்றி. ஆமாம், ஊளையிடும் நரி நாய் இனத்துக்கு நெருக்கமானது. வங்காநரி என்று சேலம் பக்கம் சொல்வது அதைவிடச் சின்னது, அதுதான் ஐரோப்பியச் செந்நரியின் உறவுக்காரன். குள்ளநரி என்ற பெயரை ஊருக்கு ஊர் ஒவ்வொன்றுக்கு வைத்திருக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

நரி ஏன் மந்திரியாக வருகிறது என்பதற்குக் காட்டில் காரணம் இருக்கிறது. புலி அடித்த இரையின் மிச்சத்துக்காகத் தனி நரி பின்னாலேயே சுற்றும், தூரத்தில் உட்கார்ந்து புலி சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய ஆள் பக்கத்தில், ஆனால் கை எட்டாத தூரத்தில். அரண்மனையைப் பார்த்தவன் ஒருவன் இதையும் பார்த்திருந்தால் பஞ்சதந்திரம் தானாக வந்துவிடும்.

நரி கெட்டவன் என்று சொல்லும் அதே ஊரில்தான், காலையில் எதிர்பாராமல் நல்லது நடந்தால் "நரி முகத்தில் விழித்தாயா?" என்று கேட்கிறோம். வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து ஊருக்குள் கொண்டுவந்து எல்லாரும் முகத்தில் விழிக்கும் வழக்கம் இருந்தது. அது பாதுகாக்கப்பட்ட உயிர், சட்டப்படி குற்றம், வனத்துறை தடுத்தது, அது சரியும்கூட. ஆனால் யோசித்துப் பாருங்கள், தந்திரக்காரன் என்று பெயர் வைத்த பிராணியின் முகம்தான் ராசியான முகம்.

பாக்கியம் டீச்சர்

நான் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவள். தம்பி கிள்ளான்வாசி, உங்கள் மகளுக்கு நரி கெட்டவன் என்றே சொல்லுங்கள், கஞ்சிலும் செய்தது தவறு என்றே சொல்லுங்கள். குழந்தைக்கு முதலில் கோடு தெரிய வேண்டும், கோட்டைத் தாண்டுகிற அழகை வளர்ந்த பிறகு ரசிக்கட்டும்.

இதை வெறும் வாத்தியார் புத்தியில் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் அவ்வளவு அன்பாக, அம்மா அம்மா என்று, என் பென்ஷன் கணக்கு நின்றுவிடும் என்று பயமுறுத்தி, ஒரு எண்ணைக் கேட்டு, நாற்பதாயிரம் ரூபாயை எடுத்துவிட்டான். திரும்பி வரவில்லை. பணம் போனதைவிட, கேள்விப்பட்டவர்கள் "டீச்சர், நீங்களா ஏமாந்தீங்க?" என்று கேட்டபோது வாயோரம் ஒரு சிரிப்பு வந்ததே, அதுதான் வலித்தது. இந்தக் கதைகளில் முதலையைப் பார்த்து எல்லாரும் கைதட்டிச் சிரிக்கிறார்களே, அதே சிரிப்பு. ஏமாந்தவர் பக்கம் நின்று ஒரு கதை சொல்லுங்கள் பார்ப்போம்.

சும்மாசொன்னேன்

டீச்சர், மன்னிக்கணும். வேடிக்கையாகத் தொடங்கினேன். நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

பனங்காடு

டீச்சர் சொன்னது மனதில் தைத்தது. ஆனாலும் ஒன்று சொல்லலாமா? உங்களிடம் வந்தவனுக்கு நம் ஊரிலேயே வேறு பெயர் இருக்கிறது: ருத்திராட்சப் பூனை. அது நரி வகை இல்லை. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுப் பாறையில் பார்த்திருப்பீர்கள், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறை முழுக்கத் தேவர்களும் யானைகளும் இருக்க, கீழே ஒரு பூனை பின்னங்காலில் எழுந்து நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றி எலிகள். மகாபாரதத்திலும் அந்தக் கதை இருக்கிறது: கங்கைக் கரையில் பூனை ஒன்று சாமியாராகி, எலிகளை நம்பவைத்து ஒவ்வொன்றாகத் தின்கிறது, எலிகள் குறைவதையும் பூனை கொழுப்பதையும் பார்த்துத்தான் மற்ற எலிகளுக்குச் சந்தேகமே வருகிறது. துரியோதனன் தூதன் வழியாகத் தருமரைக் குத்திக்காட்ட இந்தக் கதையைச் சொல்லியனுப்புகிறான். யார் யாரைப் பூனை என்கிறார் பாருங்கள்.

பூனை பலசாலி, எலி சிறியது. கஞ்சில் சிறியது, முதலை பலசாலி. இரண்டும் பொய்தான், ஆனால் பொய் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறதல்லவா. உங்கள் மகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்.

நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோவில். என் வேலையிடத்தில் ஜமேக்கா நாட்டு அம்மா ஒருவர் இருக்கிறார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனான்சி கதைதான். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு வரி சொல்வார்: "ஜாக் மண்டோரா, மீ நோ சூஸ் நன்." கதையில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்பது மாதிரி. பாட்டியம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்களாம். நாங்கள் "ஆகவே பிள்ளைகளே" என்று முடிக்கும் இடத்தில் அவர்கள் கையைக் கழுவிவிடுகிறார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

பனங்காடு அண்ணா அனான்சியை இழுத்துவிட்டதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனான்சி ஒரு சிலந்தி. கானா நாட்டு அகான் மக்களின் கதை. உலகத்திலுள்ள கதைகள் எல்லாம் ஆகாயக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. அனான்சி போய் விலை கேட்டான். பெரிய பெரிய ஊர்க்காரர்களே வாங்க முடியாமல் திரும்பினார்கள், நீ யார் என்றார் கடவுள். விலை: ஓனினி என்ற மலைப்பாம்பு, ஒசேபோ என்ற சிறுத்தை, கடிகுளவிகள், மோவாத்தியா என்ற காட்டுத் தேவதை. அனான்சி நேராக வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி ஆசோவிடம் யோசனை கேட்டான் (இது முக்கியம், பாதி மூளை அவளுடையது). ஒரு நீளக் கிளையையும் கொடியையும் எடுத்துக்கொண்டு பாம்பு இருக்கும் ஓடைப் பக்கம் போய், "அவனைவிட இது நீளம், இல்லை இது குட்டை" என்று தனக்குத்தானே சண்டை போட்டான். பாம்புக்கு ரோஷம், என்னை அளந்து பார் என்று கிளையோடு நீட்டிப் படுத்தது, சுற்றிக் கட்டிவிட்டான். குளவிக் கூட்டின் மேல் தண்ணீரைத் தெளித்து, மழை வந்துவிட்டது, இந்தச் சுரைக்குடுக்கைக்குள் வாருங்கள் என்றான். சிறுத்தைக்குக் குழி. தேவதைக்கு மரப்பொம்மை: மேலே பிசின் பூசி, முன்னால் பிசைந்த கிழங்கை வைத்தான். தேவதை தின்றுவிட்டு நன்றி சொன்னாள், பொம்மை பேசவில்லை. மரியாதை தெரியாதா என்று அறைந்தாள், கை ஒட்டியது. மறு கை, கால் எல்லாம் ஒட்டின. நான்கையும் கொண்டுபோய்க் கொடுத்தான், கூடுதலாகத் தன் வயதான தாயையும் கொடுத்தான். அன்றிலிருந்து கதை என்றாலே அந்த மக்களுக்கு அனான்செசெம், சிலந்தி சங்கதி.

இந்தப் பொம்மை அடிமைக் கப்பலில் ஏறிப் போனது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத் தோட்டங்களில் அது தார் பொம்மை. அடிமைகள் சொன்ன முயல் கதைகளைச் சிறுவனாகத் தோட்டத்தில் வேலை செய்தபோது கேட்ட ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற பத்திரிகைக்காரர் 1880-இல் புத்தகமாக்கினார். நரி தார் பொம்மையை வழியில் வைக்கிறது, முயல் வணக்கம் சொல்கிறது, பொம்மை பதில் சொல்லவில்லை, முயலுக்குக் கோபம், அடி, ஒட்டல். அப்புறம் முயல், "என்னைக் கொல்லு, தோலை உரி, அந்த முள்ளுக்காட்டில் மட்டும் எறிந்துவிடாதே" என்று கெஞ்ச, நரி அங்கேயே எறிய, நான் பிறந்து வளர்ந்ததே முள்ளுக்காட்டில்தான் என்று முயல் ஓடிவிடுகிறது. சொன்னவர்கள் யார், யாருடைய தோட்டத்தில் இருந்து சொன்னார்கள் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

இப்போது ஜாதகத்துக்கு வாருங்கள். பஞ்சாயுத ஜாதகம்: ஐந்து ஆயுதம் கற்ற இளவரசன் காட்டில் ஒட்டுமயிர் அரக்கனைச் சந்திக்கிறான். அம்பு ஒட்டியது, வாள் ஒட்டியது, பிறகு வலக்கை, இடக்கை, இரண்டு கால், தலை. ஐந்து இடத்தில் ஒட்டியும் பயப்படாமல் பேசி விடுதலை வாங்குகிறான். சங்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் புத்தரே சொல்வதாக ஒரு குரங்கு வரும், வேடன் வைத்த பிசினில் கை, மறு கை, கால், மறு கால், கடைசியில் வாய் என்று ஐந்து இடத்தில் மாட்டிக்கொள்ளும். தன் எல்லையை விட்டு வெளியே மேய்ந்த மனம் இப்படித்தான் மாட்டும் என்கிறார்.

ஆதிகுடி

அதாவது எல்லாக் கதையும் இங்கிருந்துதான் போனது. குமரிக்கண்டம் பற்றி யாரும் பேச மாட்டீர்களே.

ஏட்டுச்சுரைக்காய்

பேச மாட்டோம்.

ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். ஜோசப் ஜேக்கப்ஸ் என்ற ஆங்கிலக் கதைத் தொகுப்பாளர் நூறு வருடத்துக்கு முன்பே தார் பொம்மை இந்தியாவிலிருந்து போனது என்று வாதாடினார். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ஐந்து இடத்தில் ஒட்டுவது ஜாதகத்தில் இருக்கிறது, சரி. ஆனால் கானாவிலும் ஜார்ஜியாவிலும் பொம்மை அடி வாங்குவது ஏன்? பதில் மரியாதை செய்யாததால். அது ஜாதகத்தில் இல்லை. பிசின் எல்லா ஊரிலும் இருக்கிறது, பறவை பிடிக்கக் கண்ணி வைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "நான் கும்பிட்டேன், அவன் பதிலுக்குக் கும்பிடவில்லை" என்ற கோபம்கூட எல்லா ஊரிலும் இருக்கிறதுதான், கல்யாண வீடுகளில் பார்க்கலாம்.

பாக்கியம் டீச்சர்

பனங்காடு சொன்ன பூனையை யோசித்துக்கொண்டே இருந்தேன். பெரியது சிறியதை ஏமாற்றினால் தவறு, சிறியது பெரியதை ஏமாற்றினால் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சிலந்தி பெற்ற தாயையே விலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறதே, அவள் எந்த முதலை?

பனங்காடு

டீச்சர், பிடித்துவிட்டீர்கள். இல்லை, என் கோடு நிற்கவில்லை. ஜமேக்கா அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். அனான்சி தன் பிள்ளைகளின் சாப்பாட்டையே ஏமாற்றித் தின்னும் கதை எத்தனையோ உண்டு என்று சிரித்தார். நல்லவனா என்றேன். "நல்லவனா? அவன் அனான்சி" என்றார். இதற்கு மேல் நான் என்ன கேட்பது.

அவன் முட்டாளாகும் கதையும் சொன்னார். உலகத்தின் அறிவு முழுவதையும் ஒரு பானையில் சேர்த்து, யாருக்கும் கிடைக்காமல் மரத்து உச்சியில் ஒளிக்கப் போகிறான். பானையை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினால் இடிக்கிறது, ஏற முடியவில்லை. கீழே நின்ற மகன், "அப்பா, முதுகில் கட்டினால் என்ன?" என்கிறான். எல்லா அறிவும் என் பானையில் இருக்கும்போது இவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்ற ஆத்திரத்தில் பானையைப் போட்டுடைக்கிறான்.

வலசை

அமெரிக்கப் பழங்குடிகளின் கயோட்டியும் அப்படித்தான். அது நம் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணி. நவஹோ மக்கள் சொல்லும் கதையில் கருந்தெய்வம் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக வானத்தில் ஒழுங்காக வைத்துக்கொண்டிருக்கிறது. கயோட்டி பொறுமை இழந்து மீதி எல்லாவற்றையும் அள்ளி வீசிவிடுகிறது. மேலே பார்த்தால் சில கூட்டங்கள் வரிசையாகவும் மற்றவை தாறுமாறாகவும் இருப்பது அதனால்தான். இது விளையாட்டு. அடுத்தது விளையாட்டில்லை: மனிதர்கள் சாக வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கத் தண்ணீரில் ஒன்றைப் போடுகிறார்கள், மிதந்தால் சாவு இல்லை. மிதக்கிறது. எல்லாரும் சந்தோஷப்படும்போது கயோட்டி வந்து ஒரு கல்லைப் போடுகிறது, மூழ்குகிறது. எல்லாரும் திட்டுகிறார்கள். அது சொல்லும் காரணம், யாருமே சாகாவிட்டால் குழந்தைகளுக்கு இடம் ஏது, சோளம் விதைக்க நிலம் ஏது. திட்டியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதை நல்லவன் கெட்டவன் என்று எந்தப் பக்கம் போடுவீர்கள்?

இந்தக் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள். பாம்பும் கரடியும் தூங்கும் மாதங்களில், முதல் இடி இடிக்கும்வரை. நான் இப்போது கோவையில் சித்திரை வெயிலில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் கணக்கில் பெரிய தப்பு.

பனங்காடு

இங்கே கனடாவின் மேற்குக் கரையில் அந்த வேலையைச் செய்வது அண்டங்காக்கை. பணக்காரக் கிழவர் ஒருவர் வெளிச்சத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார், உலகம் இருட்டு. காக்கை ஒரு ஊசியிலையாக மாறித் தண்ணீரில் விழுந்து, கிழவரின் மகள் அதைக் குடித்து, அவளுக்கே பிள்ளையாகப் பிறந்து, பெட்டி வேண்டும் பெட்டி வேண்டும் என்று அழுது அடம் பிடிக்கிறது. தாத்தா மனசு தாங்குமா? கொடுத்தார். அப்படியே தூக்கிக்கொண்டு புகைபோக்கி வழியாகப் பறந்துவிட்டது. நாம் காணும் பகல் வெளிச்சம் திருட்டுச் சொத்து. வன்கூவரில் மானிடவியல் அருங்காட்சியகத்தில் ஹைடா பழங்குடி மரபில் வந்த பில் ரீட் செதுக்கிய காக்கை இருக்கிறது, 1980-இல் வைத்தது, சிப்பியைத் திறந்து முதல் மனிதர்களை வெளியே அழைக்கிறது. 2004-இல் வந்த இருபது டாலர் நோட்டின் பின்பக்கத்திலும் அதைப் போட்டிருந்தார்கள். திருடனைப் பணத்திலேயே அச்சடித்த நாடு இது.

சும்மாசொன்னேன்

பணத்தில் திருடன் முகம் வருவது பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.

ஏட்டுச்சுரைக்காய்

டீச்சருக்கு ஒரு செய்தி. நீங்கள் கேட்டதை 8-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் செய்திருக்கிறார்.

பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியில் தமனகன் என்ற நரி, சிங்கத்துக்கும் காளைக்கும் நடுவில் இல்லாததும் பொல்லாததும் சொல்லி, சிங்கத்தின் கையாலேயே காளையைக் கொல்லவைக்கிறது. சிங்கம் அழுகிறது. தமனகன் ஆறுதல் சொல்லி, மந்திரியாகவே தொடர்கிறது. சமஸ்கிருதத்தில் கதை அங்கேயே முடிகிறது, தண்டனை கிடையாது. அது பாரசீகம் வழியாக அரபுக்குப் போகிறது, கரடகனும் தமனகனும் கலீலா, திம்னா ஆகிறார்கள். அரபில் எழுதிய இப்னு அல்முகஃபா ஒரு முழு அத்தியாயத்தையே புதிதாகச் சேர்த்தார்: திம்னாவின் மேல் விசாரணை, சாட்சி, சிறை, சாவு. ஏமாந்தவன் பக்கம் நின்று எழுதியது அது.

ஆனால் படித்துப் பார்த்தால், அந்த விசாரணையிலும் திம்னா பேசும் பேச்சுதான் மனதில் நிற்கிறது. நீதிபதி சொன்ன ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

ஐரோப்பாவில் ரெனார் என்ற நரியையும் விசாரணைக்கு இழுக்கிறார்கள், தூக்குமேடைவரை போய், பாவத்தைக் கழுவப் புண்ணிய யாத்திரை போகிறேன் என்று தப்பிவிடுகிறது. நம் ருத்திராட்சப் பூனையின் பங்காளி. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இந்தக் கதை எவ்வளவு பரவியது என்றால், நரிக்கு அவர்கள் மொழியில் இருந்த "கூப்பில்" என்ற பழைய சொல்லே செத்து, ஒரு கதாபாத்திரத்தின் பெயரான "ரெனார்" நரி இனத்துக்கே பெயராகிவிட்டது. விசாரணையில் ஜெயித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

(மதுரைக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியாது: நரியைப் பரியாக்கிப் பாண்டியனிடம் விற்று, ராத்திரியில் திரும்ப நரியாக்கி லாயத்துக் குதிரைகளையும் தின்னவைத்தவர் இங்கே கோயிலில் இருக்கிறார். ஆவணி மூலத்தில் வருடா வருடம் அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். ஏமாந்தவன் ராஜா. தண்டனையும் ராஜாவுக்கு இல்லை, மாணிக்கவாசகருக்கு.)

கிள்ளான்வாசி

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நன்றி.

கஞ்சில் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மலாக்கா அரசை நிறுவிய பரமேஸ்வரா வேட்டைக்குப் போனபோது ஒரு மரத்தடியில் சருகுமான் அவருடைய வேட்டை நாயை எட்டி உதைத்து ஆற்றில் தள்ளியதாம், இந்த இடத்தில்தான் நகரம் கட்ட வேண்டும் என்று அந்த மரத்தின் பெயரையே வைத்தாராம், மலாக்கா. மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு கஞ்சில். 1994-இல் பெரோடுவா முதல் சின்னக் காரை விட்டபோது அதற்கும் கஞ்சில் என்றுதான் பெயர் வைத்தார்கள். என் அப்பா அதில்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், லாரிகளுக்கு நடுவில் அது புகுந்து போகும்போது பெயர் பொருத்தம் என்பார்.

முதலை வரிசை கதை வேறு எங்காவது இருக்கிறதா?

ஏட்டுச்சுரைக்காய்

ஜப்பானில் இருக்கிறது, அதுவும் 712-இல் எழுதிய கொஜிகி என்ற பழைய நூலில். இனாபா நாட்டு வெள்ளை முயல். ஓகி தீவிலிருந்து கரைக்கு வர வேண்டும், நடுவில் கடல். "வானி" என்ற பிராணிகளிடம் போய், உன் குலம் பெரிதா என் குலம் பெரிதா, எண்ணிப் பார்க்கலாம், வரிசையாக நில்லுங்கள் என்கிறது. வானி என்பது சுறாவா முதலையா என்று இன்றுவரை சண்டை. ஜப்பானில் முதலை ஏது, அதனால்தான் இந்தக் கதை உங்கள் பக்கத்திலிருந்து கடல் வழியாகப் போயிருக்கலாம் என்கிறார்கள்.

ஆனால் முடிவு வேறு. கடைசி வானியின் முதுகில், தரையில் குதிப்பதற்கு ஒரு அடி இருக்கும்போது, முயலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை: "ஏமாந்தீர்களா!" என்றது. கடைசி வானி அப்படியே பிடித்துத் தோலை உரித்துவிட்டது. ரத்தமும் சதையுமாகக் கிடக்கும்போது அந்த வழியாக வந்த எண்பது அண்ணன்மார், கடல் தண்ணீரில் குளித்துக் காற்றில் படு, சரியாகிவிடும் என்று சொல்லிப் போனார்கள். உப்பு காய்ந்து தோல் வெடித்தது. அதுவரை ஏமாற்றிய முயல் இப்போது ஏமாந்தது, டீச்சர், நீங்கள் கேட்ட பக்கம் இதுவாக இருக்கலாம். பின்னால் மூட்டை சுமந்து வந்த கடைசித் தம்பி, நல்ல தண்ணீரில் கழுவிச் சம்பங்கோரைப் பூந்தூளில் புரளச் சொன்னான், ஆறியது. டொட்டோரியில் அந்த முயலுக்குக் கோயிலே இருக்கிறது.

பாக்கியம் டீச்சர்

அந்த எண்பது பேரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பணத்தை இழந்த வாரம் வீட்டுக்கு வந்து யோசனை சொன்னவர்கள் அவர்கள்தான்.

முயல் கதையை எனக்குப் பிடித்திருக்கிறது. அது கெட்டதற்குக் காரணம் பொய் இல்லை, ஒரு அடி முன்னால் வாயைத் திறந்தது. தவளை தன் வாயால் கெடும். வகுப்பில் இதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை, ஒரு அடி தாண்டிய பிறகு சொன்னால் தப்பில்லையா டீச்சர் என்று பின்வரிசையில் ஒருவன் கண்டிப்பாகக் கேட்பான்.

கிள்ளான்வாசி

நேற்று ராத்திரி இரண்டையும் சேர்த்துச் சொன்னேன், முதலில் கஞ்சில், அப்புறம் இனாபா முயல். நல்லவன் கெட்டவன் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தோல் உரித்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோரைப்பூந்தூள் எரியுமா என்று கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைக்கும்போது ஒரு குரல்: "அப்பா, ரெண்டு பேரும் எண்ணிக்கிட்டே போனாங்கல்ல. மொத்தம் எத்தனை முதலை?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள்?

சும்மாசொன்னேன்

ஆற்றின் அகலம் சொல்லுங்கள்.

வலசை

அகலம் மட்டும் போதாது. முதலைகள் பக்கவாட்டில் நின்றதா, தலைக்குப் பின் வாலாக நின்றதா? வளர்ந்த ஆண் உவர்நீர் முதலை சாதாரணமாக ஐந்து மீட்டர்வரை நீளம் இருக்கும், அகலம் ஒரு மீட்டரைத் தாண்டாது. விடை ஐந்து மடங்கு மாறும்.